மூச்சு விடும் பெட்டி

பதுளைக் கடைவீதியில் ஆணி முதல் அண்டா வரை விற்கும் மயில்வாகனம் முதலாளி, தயானியின் அலுவலகத்துக்குள் குடையை விரித்தபடியே நுழைந்தார். மழை வெளியில்தான் பெய்துகொண்டிருந்தது.

"கூரை ஒழுகாதுங்க முதலாளி. குடையை மடக்கலாம்" என்றான் சதீஸ்குமார்.

"முகத்தை மறைக்கத்தான் தம்பி விரிச்சேன். நான் இங்க வந்தது யாருக்கும் தெரியக்கூடாது."

"குடையில உங்க கடைப் பேரு கொட்டை எழுத்துல போட்டிருக்குங்களே."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். நீலத் துணியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது. அதை மடக்கி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த தயானி சிரிக்கவில்லை. ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் எரிந்துபோன கடைகளைப் பார்வையிட்டு, கடை தானாக எரிந்ததா, முதலாளியே எரித்தாரா என்று சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவள் அவள். சிரிப்பை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. வேலையை விட்டபின், தையல் கடைக்கு மேலே இந்த அறையை எடுத்துத் துப்பறிய ஆரம்பித்தாள். அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்த சதீஸ்குமார் அதற்கு முன் போன் கடையில் நின்றவன். போன் விற்பதை விட்டுவிட்டான். பேச்சை மட்டும் விடவில்லை.

"சொல்லுங்க ஐயா" என்றாள் தயானி.

"கொஸ்லந்தையில ஒரு ஃபேக்டரி இருக்கு மிஸ். மரப்பெட்டி, தேயிலை மூட்டை அடுக்குற பலகைத்தட்டு, காட்போட் பெட்டி எல்லாம் செய்றாங்க. பாதிப் பங்கு விக்கப் போறாங்க. நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். இந்த மலையில தேயிலை இருக்கிற வரைக்கும் பெட்டிக்கு வேலை இருக்கும். இல்லையா?"

"நல்ல யோசனைதானே ஐயா."

"நல்ல யோசனையா இருக்கிறதுதான் கஷ்டம். இன்னொருத்தனுக்கும் அதே யோசனை வந்திருச்சு." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "தரகர் இந்திரஜித்துதான் நடுவுல பேசுறாரு. நான் ஒரு விலை சொன்னா, மறுநாளே அவன் அதுக்கு மேல ஒரு விலை சொல்றான். நான் ஏத்தினா அவனும் ஏத்துறான். மொனராகலை ஆளாம். கரும்பு லொறி ஓடுதாம். பெரிய முரடனாம். இந்திரஜித்துக்கிட்ட அட்வான்ஸும் குடுத்துட்டேன். இந்த வெள்ளிக்கிழமை கடை உறுதிப் பத்திரத்தை பேங்க்ல அடகு வச்சாத்தான் அவனுக்கு ஈடு குடுக்க முடியும்."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

முதலாளி குடையைத் தேடுவதுபோல நாற்காலிக்கு அடியில் குனிந்தார். அங்கிருந்தே பதில் வந்தது.

"தேனீக்கு அப்புறம், இனி புதுத் தொழில் எதுலயும் இறங்க மாட்டேன்னு அவ எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா மிஸ். கதிர்காமத்துல வச்சு."

தேனீக் கதை பதுளையில் தெரியாதவர் இல்லை. முதலாளி தேன் வியாபாரத்தில் இறங்கி, பெட்டி பெட்டியாகத் தேனீ வாங்கி வைத்தார். ஒரு நல்ல வெயில் நாளில் அவை எல்லாமாகக் கிளம்பி நமுனுகுலைப் பக்கமாகப் பறந்துபோய்விட்டன.

"நோட்டீஸ் குடுக்காம வேலையை விட்டுப் போன முதல் தொழிலாளிங்க அவங்கதான்" என்றான் சதீஸ்குமார்.

தயானி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு என்ன தெரியணும் ஐயா?"

"அவன் யாருன்னு தெரியணும். அவ்வளவுதான்."

*

பண்டாரவளை, அப்புத்தளை தாண்டி, பெரகலைச் சந்தியில் திரும்பி வேன் இறங்கியபோது மழை மேலேயே நின்றுவிட்டது. கொஸ்லந்தையில் வெயில் அடித்தது. வேனின் பிரேக்கை அழுத்துவதா, பிள்ளையாரைக் கும்பிடுவதா என்று ஒவ்வொரு வளைவிலும் சதீஸ்குமாருக்குக் குழப்பம் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே வந்து சேர்ந்தான்.

ஃபேக்டரி, தேயிலைச் சரிவுக்குக் கீழே நீளமான தகரக் கூரையோடு கிடந்தது. ஒரு பக்கம் மொனராகலையிலிருந்து வந்த இறப்பர் மரக்கட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. மறுபக்கம் அறுத்த மரத்தூள் இன்னொரு மலை. நடுவில் காட்போட் மடிக்கும் மிஷின் இருமியபடி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் கைகளுக்கு ஓய்வில்லாமல் அட்டையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

உரிமையாளர் ஷம்ரா முப்பதைத் தாண்டியவள். தலையில் சுற்றிய முக்காட்டின்மேல் மரத்தூள் படிந்திருந்தது. வாப்பா வைத்திருந்த மர ஆலைக்குப் பக்கத்தில் காட்போட் பகுதியைச் சேர்த்தது அவள்தான்.

"இங்க பங்கு எடுக்க நினைக்கிற ஒருத்தருக்காக வந்திருக்கோம்" என்றாள் தயானி.

"யாருக்காக அக்கா? ஆணிக்கடை முதலாளிக்கா, மத்த ஆளுக்கா?"

"மத்த ஆளை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. ஒரு நாளும் வந்ததில்ல. எல்லாம் இந்திரஜித்து மூலமாத்தான்." ஷம்ரா யோசித்தாள். "ஆனா விசித்திரமான ஆள். பங்கு வாங்க வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க? மிஷினுக்கு என்ன வயசு, கடன் இருக்கா, யாருக்கு சப்ளை பண்றீங்க... இந்த ஆள் அது ஒண்ணும் கேக்கல. மரத்தூளை என்ன செய்றீங்கன்னு கேட்டாங்களாம்."

"மரத்தூளையா?"

"ஆமா. அப்புறம் ஒரு பெட்டி செய்ய முடியுமான்னு அளவு சொல்லி அனுப்பினாங்க. செஞ்சு வச்சிருக்கேன். இந்திரஜித்து இன்னும் வந்து எடுக்கல."

அலமாரியின் மேலிருந்து அவள் எடுத்து நீட்டிய பெட்டியை தயானி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செருப்புப் பெட்டியைவிடச் சின்னது, உயரமும் குறைவு. நான்கு பக்கமும் இரண்டு விரல் சேர்ந்து நுழையும் அளவில் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"பெட்டியில ஓட்டை விழாம பாக்கிறதுக்குத்தானே ஃபேக்டரி வைப்பாங்க?" என்றான் சதீஸ்குமார். "இந்த ஆள் ஓட்டையை ஓடர் பண்ணியிருக்காரு."

மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற மதுஷா என்ற பெண் களுக்கென்று சிரித்தாள். அவன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

"ஷம்ரா, ஒண்ணு கேக்கிறேன்" என்றாள் தயானி. "பங்கு விலையை எத்தனை தடவை ஏத்தினீங்க?"

"ஏத்தவே இல்லையே. ஆரம்பத்துல என்ன சொன்னேனோ அதேதான் இன்னைக்கும். வேற யாரும் கூடத் தர்றேன்னு சொல்லவும் இல்ல. ரெண்டு பேரும் இழுத்தடிக்கிறாங்கன்னுதான் இந்திரஜித்து சொல்றாரு." அவள் இருமும் மிஷினைக் கையால் காட்டினாள். "எனக்கு இழுத்தடிக்க நேரம் இல்ல அக்கா. இது எப்ப நிக்கும்னு தெரியல. புது மிஷின் வரலன்னா காட்போட் பக்கத்தை மூடிட்டு மரத்தை மட்டும் அறுக்க வேண்டியதுதான். இந்தப் பிள்ளைங்க எல்லாம் திரும்பவும் விடியக்காலையில தோட்டத்துல பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போய் நிக்கணும்."

"பெரட்டுல கங்காணி கத்துவாரு. இங்க மிஷின் கத்துது" என்றாள் மதுஷா. "மிஷின் பரவால்ல. குடும்பத்தை இழுத்துத் திட்டாது."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஷம்ராவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் மிஷினை விட்டு நகரவில்லை.

வெளியில் வந்ததும் சதீஸ்குமார் வேன் கதவைத் திறந்து வெற்றி வீரனைப்போல நின்றான்.

"கேஸ் முடிஞ்சுது அக்கா." ஆட்கள் முன்னால் மிஸ், தனியாக இருந்தால் அக்கா என்பது அவன் வழக்கம். "மொனராகலை முரடனும் இல்ல, கரும்பு லொறியும் இல்ல. எல்லாம் இந்திரஜித்து உண்டாக்கின ஆள். முதலாளியை ஏத்திவிட்டு, நடுவுல வர்றதைத் தன் பொக்கெட்ல போடத்தான்."

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

தயானி ஷம்ராவிடம் கேட்டு வாங்கிவந்த பெட்டியை அவன் கையில் வைத்தாள். "பொய் சொல்றவன் ஒரு ஆளை உண்டாக்குவான். ஊரை, லொறியை, மீசையைக்கூட உண்டாக்குவான். பெட்டியில ஓட்டை வேணும்னு உண்டாக்க மாட்டான். அது உண்மையிலேயே தேவைப்பட்ட ஒருத்தர் கேட்டது. அந்த ஆளும் முதலாளி மாதிரியே ஏமாந்துகிட்டு இருக்கணும்."

"அப்ப அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பெட்டிக்குள்ள என்ன போகும்னு கண்டுபிடி. ஆள் தானா வருவாரு."

*

மறுநாள் காலை முழுவதும் பதுளைக் கடைவீதியில் ஓட்டைப் பெட்டியோடு ஏறி இறங்கினான் சதீஸ்குமார். தயானி அவனுக்குப் பின்னால் நடந்து, கடைக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் அவன் போனது பறவைகள் விற்கும் முன்ஸிப்பின் கடைக்கு. கோழிக்குஞ்சுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. "மரத்தூளைக் கீழ பரப்பி, குஞ்சை மேல விட்டு, ஓட்டையால காத்து வர... பாத்தீங்களா, எல்லாம் பொருந்துது."

முன்ஸிப் ஒரு குஞ்சைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார். மூடியை மூடினார். அடுத்த நொடி ஓர் ஓட்டை வழியாகக் குஞ்சின் தலை வெளியே வந்து சதீஸ்குமாரைப் பார்த்தது. பிறகு கழுத்து, பிறகு ஒரு சிறகு. மூன்றாவது முயற்சியில் குஞ்சு முழுசாகவே வெளியே வந்து தானியச் சாக்குக்குள் இறங்கிவிட்டது.

"இது பெட்டி இல்ல, வாசல்" என்றார் முன்ஸிப்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்ட்ரோபரி விற்ற அம்மாள், பழத்தை மேலிருந்து பார்க்க முடியாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஒரே வரியில் அந்த வழியை அடைத்தாள். பலகாரக் கடைக்காரர் ஓட்டையைப் பார்த்தவுடனேயே "எறும்புக்குச் செஞ்சதா?" என்று கேட்டார். பூக்கடையில் ரோஜாவின் காம்பு பெட்டியைவிட நீளமாக இருந்தது.

மத்தியானம் அஜந்தனின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது சதீஸ்குமாருக்குப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதை மேசையில் போட்டான்.

"எலிதான் அக்கா. யாரோ எலிக்கு வீடு கட்டுறாங்க. நாலு பக்கமும் ஜன்னல் வச்சு."

"சாப்பிடு."

சோறு வந்தது. அதோடு ஒரு கறி. அவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். இழுத்தான். மறுபடி கடித்தான்.

"அஜந்தன் அண்ணே, இது என்ன, சைக்கிள் டியூப்பா?"

"காளான்டா" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அஜந்தனும் வந்தார், கையில் ஒரு பாலிதீன் பையோடு. பைக்குள் வெள்ளைக் காளான், பையின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து. "காலையில வரும்போது பூ மாதிரி வருது. மத்தியானத்துக்குள்ள பாரு. பைக்குள்ளேயே வேர்த்து வேர்த்து இப்படி ஆயிடுது. நான் என்ன செய்ய?"

"பாவம், மூச்சு முட்டியிருக்கும்" என்றான் சதீஸ்குமார் இன்னும் மென்றுகொண்டே. "நானா இருந்தா ரெண்டு ஓட்டையாவது..."

அவன் வாய் அப்படியே நின்றது.

தயானி ஏற்கனவே பையைப் பிரித்துவிட்டாள். காளானை அள்ளி ஓட்டைப் பெட்டிக்குள் பரப்பினாள். ஒன்றின்மேல் ஒன்று நசுங்காமல், மூடியிலும் முட்டாமல், அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"காளானை எதுல வளக்கிறாங்க அஜந்தன்?" என்று கேட்டாள்.

"மரத்தூளைப் பையில அடைச்சு அதுலதான் மிஸ். இறப்பர் மரத்தூள்தான் நல்லதுன்னு சொல்வாங்க. அது இந்தப் பக்கம் கிடைக்கிறது கஷ்டமாம். குடுக்கிற அக்கா சொல்லிச்சு."

"எந்த அக்கா?"

"பதுளுப்பிட்டியில பெரியாயி அக்கா வீடு இருக்கில்ல, அங்கேருந்துதான் வருது. ஆனா வளக்கிறது அந்த அக்கா இல்ல. வேற யாரோ ஒரு அம்மா. ஆளைப் பாத்ததில்ல. போன்ல பேசும். விவரமான அம்மா."

சதீஸ்குமார் தயானியைப் பார்த்தான். "மிஸ், கண்டுபிடிச்சது நான்தானே?"

"கடிச்சது நீதான்" என்றாள் தயானி.

*

பெரியாயியின் வீட்டுக்குப் பின்னால், ஈரச்சாக்கு தொங்கவிட்ட ஒரு கொட்டகை இருந்தது. பெரியாயி வாசலிலேயே கையை விரித்து மறித்தாள். உள்ளே பஜனை நடக்கிறது, இப்போது யாரும் போகக்கூடாது என்றாள். பஜனைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. புஸ், புஸ் என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

தயானி சாக்கை விலக்கினாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பைகளின் வெடிப்புகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் காளான் பிதுங்கிக்கொண்டு நின்றது. நடுவில், சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிய ஓர் அம்மாள், கையில் தெளிக்கும் பம்போடு திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். ஐம்பது வயது இருக்கும்.

"நான் பஜனைக்கு வந்தேன்" என்றாள், யாரும் எதுவும் கேட்கும் முன்பே.

"கையில பம்பு?" என்றான் சதீஸ்குமார்.

"தீர்த்தம் தெளிக்கிறேன்."

தயானி ஓட்டைப் பெட்டியை நீட்டினாள். அந்த அம்மாளின் முகம் மாறியது. பம்பைக் கீழே வைத்தாள், கையைச் சேலையில் துடைத்தாள், பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"செஞ்சிட்டாங்களா! நான் சொன்ன அளவே." பிறகுதான் நினைவு வந்து நிமிர்ந்தாள். "நீங்க யாரு?"

தயானி சொன்னாள். முழுவதையும் சொல்லவில்லை. ஃபேக்டரியில் பங்கு எடுக்க நினைக்கும் இன்னொருவருக்காக விசாரிப்பதாக மட்டும் சொன்னாள்.

"ஓ, அந்த மொனராகலை முரடனோட ஆளுங்களா?" அம்மாள் பம்பை மறுபடி கையில் எடுத்தாள்.

"எந்த முரடன்?"

"கரும்பு லொறி வச்சிருக்கிறவன். நான் ஒரு விலை சொன்னா உடனே மேல போறானே, அவன்தான். இந்திரஜித்து எல்லாம் சொல்லிட்டான்."

சதீஸ்குமாருக்குத் தலை சுற்றியது. முதலாளிக்கும் அதே முரடன், இந்த அம்மாளுக்கும் அதே முரடன். இந்திரஜித் ஒரு லொறிக்காரனை உண்டாக்கி இரண்டு பக்கமும் ஓட்டியிருக்கிறார்.

பெரியாயி நாற்காலிகளைப் போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்தாள். அம்மாள் தன் பெயர் வடிவம்மா என்றாள். பேசப் பேச அவளுக்குக் கூச்சம் விட்டுப்போனது.

"ஒரு சாக்கு நல்ல தூளுக்கு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். மொனராகலையிலேர்ந்து ஏத்தி வர்றதுக்குள்ள பாதி வழியில கொட்டிடுது. வளத்து எடுத்தா, பாலிதீன்ல போட்டுச் சாகடிக்க வேண்டியிருக்கு. தூளுக்கு ஒரு பக்கம், பெட்டிக்கு ஒரு பக்கம்னு அலைஞ்சப்பதான் தோணிச்சு. கொஸ்லந்தையில அந்தப் பிள்ளைக்கிட்ட ரெண்டும் இருக்கு. தூளைக் குப்பையா குவிச்சு வச்சிருக்கு. அங்கேயே ஒரு பங்கு எடுத்தா என்ன? எனக்குப் பெட்டி வரும், அந்தப் பிள்ளைக்குப் புது மிஷின் வரும். காளான் வளக்கிற பொம்பளைங்க இந்த மாகாணம் முழுக்க இருக்காங்க. அத்தனை பேரும் ஓட்டைப் பெட்டி கேப்பாங்க."

தயானி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பங்கு வாங்க நினைப்பவர்கள் பேசுவதை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு தெளிவாக ஒருவரும் பேசியதில்லை.

"இந்திரஜித்துக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கீங்களா?"

"குடுத்துட்டேன். நாளைக்கு நகையை அடகு வச்சு மீதியையும் குடுக்கப் போறேன். தாலிக்கொடியைத் தவிர எல்லாம்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரியவே கூடாது! அவர் தங்கமான மனுஷன். ஆனா அவர் கை வச்ச வியாபாரம் எதுவும்..." அவள் கையை மேலே தூக்கி, ஏதோ பறந்து போவதுபோல விரலை ஆட்டினாள். "ஆர்வம் வந்து அவரும் கூட்டுச் சேர்றேன்னு நின்னா நான் என்ன செய்வேன்? அதுக்காகத்தான் இந்தப் பஜனை."

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

வடிவம்மாவின் முகம் சிவந்தது. சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியாயி சிரித்தாள்.

"அவ சொல்ல மாட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தப் பேர் அவ வாயில வந்ததில்ல. நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும்."

"சுலபம்தான்" என்றாள் வடிவம்மா, தலைப்புக்குள்ளிருந்து. சதீஸ்குமாரைப் பார்த்துக் கேட்டாள். "முருகன் எதுல ஏறிப் போவாரு தம்பி?"

"மயில்ல."

"மயில் அவருக்கு என்ன?"

"வாகனம்" என்றான் சதீஸ்குமார். சொல்லிவிட்டுப் பிளேன்டீயை வாய்க்குக் கொண்டுபோனான். பாதி வழியில் கை நின்றது. "மயில்... வாகனம்?"

தயானி தன் கோப்பையைக் கீழே வைத்தாள். இன்சூரன்ஸ் கம்பனி அவளுக்குக் கற்றுக்கொடுத்த பூட்டு அன்றைக்குத் திறந்துகொண்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"இந்திரஜித்து உங்க வீட்டுக்கு வந்து போறவரா?" என்று கடைசியில் கேட்டாள்.

"கடைக்குச் சாமான் வாங்க வருவான். எங்க கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கான்! ஏன், என்ன விஷயம்?"

"நகை நாளைக்கும் கழுத்துலயே இருக்கட்டும்மா" என்றாள் தயானி. "காலையில என் ஒஃபிசுக்கு வாங்க. முரடனைக் காட்டுறேன்."

*

மறுநாள் காலை தையல் கடை மாடியில் முதலாளி முதலில் வந்து உட்கார்ந்திருந்தார். படியில் வளையல் சத்தம் கேட்டது. வடிவம்மா உள்ளே வந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க கோயிலுக்குப் போறேன்னுதானே கிளம்புனீங்க?"

"நீ பஜனைக்குன்னு சொன்னியே?"

"சாமிதான் பாவம்" என்றான் சதீஸ்குமார் மெதுவாக. "ரெண்டு இடத்துலயும் காத்துக்கிட்டு இருக்கும்."

தயானி சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, உங்களோட போட்டி போட்டவங்க இவங்கதான். அம்மா, உங்க முரடன் இவர்தான். ஷம்ரா விலையை ஏத்தவே இல்ல. ஏத்தினது முழுக்க நீங்க ரெண்டு பேரும். ஒரே வீட்டுல இருந்துகிட்டு. ஏறின காசு முழுக்க இந்திரஜித்துக்கு."

வடிவம்மா மெதுவாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கடை உறுதியும் நகையும் ஒரே ஆளின் சட்டைப்பைக்குள் போகவிருந்தது அவர்களுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது உறைத்தபோது முதலாளி மனைவியின் கழுத்தில் கிடந்த நகையைப் பார்த்தார். சதீஸ்குமாருக்குக்கூட அப்போது கேலி வரவில்லை.

"இந்திரஜித்துக்கு போன் போடுங்க ஐயா" என்றாள் தயானி. "ஸ்பீக்கர்ல. அந்த மொனராகலை ஆள் இப்ப என்ன சொல்றான்னு மட்டும் கேளுங்க."

மணி அடித்த உடனேயே இந்திரஜித்தின் குரல் தேனாக வழிந்தது. "முதலாளி! உங்களுக்கு நூறு வயசு. இப்பதான் நினைச்சேன்."

"அந்த மொனராகலை ஆள்... என்ன சொல்றான்?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க? என் முன்னாலதான் உக்காந்திருக்கான். இன்னும் ஏத்துறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

"உக்காந்திருக்கானா, நிக்கிறானா?" என்றார் முதலாளி.

"அது... உக்காந்துகிட்டேதான் முதலாளி. மீசையை வேற முறுக்கிக்கிட்டு இருக்கான். பாத்தாலே பயமா இருக்கு."

வடிவம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"இந்திரஜித்து தம்பி, மீசையை இப்பதான் எடுத்தேன்."

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"ஆமா. முரடனும் பக்கத்துலதான் இருக்காரு. நான் பரிமாறின சோறு உன் வயித்துல எப்படித்தான் செரிச்சுதோ! ரெண்டு பேரோட அட்வான்ஸையும் எடுத்துக்கிட்டு வா. நீ வரலன்னா நான் கடைவீதிக்கு வருவேன். சத்தமா பேசுவேன்."

போலீசுக்குப் போவேன் என்று சொல்லியிருந்தால் இந்திரஜித் யோசித்திருப்பார். கடைவீதியில் சத்தம் என்றதும் யோசிக்கவில்லை. தையல் கடைக்காரர் காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் வியர்க்க விறுவிறுக்க வந்து, இரண்டு உறைகளை மேசையில் வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"இருந்தாலும், ஃபேக்டரியைக் காட்டினது நான்தானே அக்கா. ஏதாவது பாத்து..."

"படி அந்தப் பக்கம்" என்றான் சதீஸ்குமார். "வழுக்கும். மெதுவா உருளுங்க."

அவர் போனபிறகு தயானி ஜன்னலைத் திறக்கும் சாக்கில் எழுந்து போனாள். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், பஸ்ஸில் அறியாதவர்கள் உட்கார்வதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் முதலாளி. "நான் உனக்கு அவ்வளவு உதவாதவனா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றாள் வடிவம்மா. பிறகு தன் வளையலைச் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள். "அந்த முரடன் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? ஆனா ஒண்ணு. நான் எவ்வளவு ஏத்தினாலும் பயப்படாம வந்தானே... விவரம் தெரிஞ்சவன்தான், நல்ல இடத்தைக் கண்டு வச்சிருக்கான்னு நினைச்சுக்குவேன்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"நானும்தான். இவன்கூட எதுக்கு மல்லுக்கட்டணும், பேசாம கூட்டுச் சேந்துக்கலாமேன்னு ஒரு தடவை யோசிச்சேன்."

"கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"முகவரி தெரியலையே."

வடிவம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று சதீஸ்குமாருக்குத் தெரியவில்லை. இரண்டும்போலத்தான் இருந்தது.

தயானி கொஸ்லந்தைக்கு அழைத்தாள். மறுமுனையில் மிஷின் இருமும் சத்தத்தோடு ஷம்ராவின் குரல் வந்தது. "அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாரு?"

தயானி போனை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. முதலாளியின் கை ஒரு கணம் போனுக்கு மேலேயே நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிவிட்டது.

"ஹலோ பிள்ளை" என்றாள் வடிவம்மா. "நான்தான் வாங்க... நாங்க. நாங்கதான் வாங்கப் போறோம். நீ சொன்ன விலைக்கு. இன்னைக்கே புறப்பட்டு வர்றோம்."

மறுமுனையில் ஷம்ரா மிஷினை மீறிக் கத்தியது அறைக்குள் கேட்டது. "மதுஷா, எல்லாரையும் கூப்பிடு!"

முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடிவம்மாவின் காதுப்பக்கம் சாய்ந்தார். "பலகைத்தட்டுக்கு ஆணி யார் குடுக்கிறாங்கன்னு கேளு. நம்ம கடையிலேயே..."

வடிவம்மா போனைக் கையால் மூடினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. தொழில் பேசிக்கிட்டு இருக்கேன்ல."